கேட்டதற்கு மட்டும்

ஒருமுறை ஸ்ரீவில்லிபுத்தூரில், பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு எதிரே, மூட்டையோடு ஓடிவந்த ஒரு ஆள் அவரிடம், "அண்ணாச்சி, புதுப்பட்டி வண்டி போயிருச்சா?" என்று கேட்டார். எழுதிக்கொண்டிருந்த காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமல் அவர், "போகல" என்றார். வந்தவர் நிம்மதியாக மூட்டையை இறக்கி வைத்துவிட்டு நின்றார். அரை மணி நேரம் நின்றார். ஒரு மணி நேரம் நின்றார். கடைசியில் பொறுக்க முடியாமல், ஏன் இன்னும் வண்டி வரவில்லை என்று கேட்டார்.

"இன்னைக்கு அந்த வண்டி ஓடல. ரிப்பேரு" என்றார் அவர்.

மூட்டைக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. இதை முதலிலேயே சொல்லக் கூடாதா என்று சத்தம் போட்டார். அவர் கொஞ்சமும் அசையாமல், "நீங்க போயிருச்சான்னுதான கேட்டிய" என்றார்.

நான் எதிர் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூட்டைக்காரர் ஒரு மணி நேரம்தான் நின்றார். நான் அதற்குள் மூன்று வருடமாக அவர் முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.

அவர் பத்திர எழுத்தர். பேரை எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். அவர் வீட்டார் இன்னும் அதே ஊரில் மடவார் வளாகத்தில் இருக்கிறார்கள். ஒல்லியான ஆள். சட்டைப் பையில் இரண்டு பேனா, ஒன்று நீலம், ஒன்று கறுப்பு. டைப் அடிக்கும் கடையின் தகரத் தாழ்வாரத்தில் பாயை விரித்து, ஒரு சாய்வு மேசையை முன்னால் வைத்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார். வருகிறவர்களுக்கு ஒரு பெஞ்சு கிடக்கும். உட்காருங்கள் என்று சொல்ல மாட்டார். உட்காரலாமா என்று கேட்டால், "உக்காரலாம்" என்பார். முதல் தடவை அது தெரியாமல் நான் முக்கால் மணி நேரம் நின்றேன்.

அவருடைய அப்பாவும் பத்திர எழுத்தர்தான். முத்திரைத்தாளில் எழுதுவதற்கு முன்னால் முழுப் பத்திரத்தையும் ஒரு நோட்டில் எழுதிப் பார்ப்பது அவர்கள் வழக்கம். அப்பா எழுதிய நோட்டுகளும் மகன் எழுதிய நோட்டுகளும் ஒன்றுவிடாமல் வீட்டில் தகரப் பெட்டிகளில் இருந்தன. பழைய பத்திரங்களில் ஒரு ஆளை வெறும் பேரோடு விட மாட்டார்கள். இன்ன ஊரில் இருக்கும் இன்னார் மகன் இன்னார் என்றுதான் எழுதுவார்கள். அதனால் பாட்டன் பூட்டன் எந்த ஊர் என்று தெரியாமல் தவிக்கிறவர்கள் அவரைத் தேடி வருவார்கள். கேட்டவருக்கெல்லாம் தேடிச் சொல்வார். அலுத்துக்கொள்ள மாட்டார். ஒருநாளும் பொய் சொன்னதில்லை. அவரைப் பற்றி யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. அதனால்தான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கும்.

எனக்கு வேண்டியது ஒரு கோயில்.

என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்தார். ராஜபாளையத்தில் வீட்டில் நானும் மகள் மாரீஸ்வரியும் என் மாமியாரும்தான். மாமனார் மில் வேலை பார்த்தவர். என் கல்யாணத்துக்கு முன்பே இறந்துவிட்டார். அவருடைய அப்பா பேர் சங்கிலி. சங்கிலிக்கு மேலே அந்தக் குடும்பத்தில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. எங்கிருந்து வந்தவர், பங்காளிகள் யார், குலதெய்வம் எங்கே, எதுவும் தெரியாது. மாமனார் சின்னப் பிள்ளையாக இருந்தபோது சங்கிலியோடு ஒரே ஒருமுறை குலதெய்வக் கோயிலுக்குப் போனாராம். "புதுப்பட்டியில எறங்கணும்" என்று மட்டும் ஒருநாள் அத்தையிடம் சொல்லியிருக்கிறார். அத்தை மேற்கொண்டு கேட்கவில்லை.

என் வீட்டுக்காரருக்கு முதல் மொட்டை ஏதோ ஒரு கோயிலில் போட்டார்கள். அதனால்தான் மாமா அற்பாயுசில் போய்விட்டார் என்பது அத்தையின் முடிவு. பேத்திக்கு அந்தத் தப்பு நடக்கக் கூடாது. முதல் முடி இறக்குவதும் காது குத்துவதும் சொந்தக் கோயிலில்தான் என்று உறுதியாக இருந்தார்.

அதனால் மாரீஸ்வரிக்கு ஆறு வயதாகியும் காது குத்தவில்லை. எட்டு வயதாகியும் குத்தவில்லை. வகுப்பில் எல்லாப் பெண் பிள்ளைகளும் தோடு போட்டிருந்தார்கள். இவளை "ஏட்டி மூளி" என்று கூப்பிட்டார்கள். ஒருநாள் சிவப்புப் பேனாவால் இரண்டு காதிலும் பொட்டு வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விட்டாள். டீச்சர் அழித்துவிட்டு வரச் சொன்னார்களாம். சாயங்காலம் காது மடல் இரண்டும் தேய்த்துத் தேய்த்துச் சிவந்து வீங்கியிருந்தன. அவள் அழவில்லை. "யம்மா, நம்ம சாமி ஓடிப்போச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

அந்தச் சாமியைக் கண்டுபிடிக்க வேண்டிய வேலை என் தலையில் விழுந்தது. அந்த வேலைக்கு என்னைப் போலப் பொருத்தமில்லாத ஆள் வேறு யாரும் கிடையாது. பத்தாவது வரை படித்தவள்தான். ஆனால் புது ஆளிடம் பேச வராது. பஸ்ஸில் என் நிறுத்தம் தாண்டிப் போனால்கூடக் கண்டக்டரைக் கூப்பிடாமல் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருவேன்.

அதனால் கேட்க வேண்டியதைப் பஸ்ஸிலேயே ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்வேன். அவரிடம் சீட்டை நீட்டுவேன். வாங்கி வாசித்துவிட்டு, "அடுத்த வாரம் வாங்க" என்பார். அடுத்த வாரம் அதே சீட்டில் என் கேள்விக்குக் கீழே பதில் எழுதிக் கொடுப்பார். அச்சு மாதிரி கையெழுத்து.

"ராஜபாளையம் சங்கிலி என்பவர் பேரில் பத்திரம் உண்டா?" கீழே, "இல்லை."

"சங்கிலி யாரிடமாவது நிலம் வாங்கியிருக்கிறாரா?" "இல்லை."

"விற்றிருக்கிறாரா?" "இல்லை."

"புதுப்பட்டியில் சங்கிலி என்பவர் பேரில் வீடு, மனை?" "இல்லை."

ஒரு தடவைக்கு ஒரு கேள்விக்கு மேல் கேட்க எனக்குத் தைரியம் கிடையாது. ஒரு கேள்விக்கு ஒரு பதிலுக்கு மேல் சொல்ல அவருக்கு மனம் கிடையாது. எங்கள் இரண்டு பேரையும் யாரோ ஜோடி பார்த்துச் சேர்த்துவிட்ட மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்தால் அத்தையின் பேச்சு. பக்கத்து வீட்டு அம்மாவிடம் எனக்குக் கேட்கிற மாதிரி சொல்வார்: "காலையில போறா, மத்தியானம் வாரா. என்னாச்சுன்னு கேட்டா ஒரு துண்டுச் சீட்டைக் காட்டுதா. ரேசன் கடையிலகூடச் சீட்டைக் குடுத்தாச் சீனி போடுதான்."

நான் சீட்டை மடித்து ஒரு பவுடர் டப்பாவில் போட்டு வைப்பேன். அந்த டப்பா நிறைய "இல்லை" இருந்தது.

வீட்டுக்காரர் வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். இரண்டாவது வருடம் அவர் வந்தபோது, இனி பொறுப்பதில்லை என்று அத்தை எங்களை எல்லாம் கிளப்பிவிட்டார். புதுப்பட்டியில் ஒரு சங்கிலிக் கருப்பன் கோயில் இருக்கிறது, தாத்தா பேர் சங்கிலி, அப்படியானால் அதுதான் நம் கோயில் என்பது அவர் கணக்கு. எங்கள் பக்கம் பிள்ளைக்குக் குலசாமி பேர் வைப்பது வழக்கம்தான். ஆனால் சங்கிலிக் கருப்பன் இந்தப் பக்கத்தில் ஊருக்கு ஊர் இருக்கிறார். அதைச் சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

கிடாய், பொங்கல் பானை, மடியில் உட்கார வைக்க என் தம்பி, காது குத்தும் ஆசாரி, எல்லோருமாகப் புதுப்பட்டியில் போய் இறங்கினோம். கோயிலில் வேறு குடும்பங்களும் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தன. பெரியவர் ஒருவர் மரியாதையாகத்தான் வந்து கேட்டார்: "வாங்க. நீங்க எந்த வகையறா?"

அந்தக் கோயிலுக்குப் பாத்தியப்பட்டவர்கள் ஐந்து வகையறா. ஒவ்வொன்றுக்கும் ஒரு பாட்டன் பேர். எங்கள் வீட்டுக்காரர் அத்தையைப் பார்த்தார். அத்தை என்னைப் பார்த்தார். நான் கிடாயைப் பார்த்தேன். சங்கிலி என்று என் வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார். பெரியவர் இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டு விசாரித்தார். அந்தப் பேரில் இந்தக் கோயிலுக்கு வகையறா இல்லை என்று முடிவாயிற்று. கும்பிடலாம், அதற்குத் தடை இல்லை, பொங்கல் மட்டும் அந்த ஓரத்தில் வேப்பமரத்தடியில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அது வெளியாட்கள் பொங்கல் வைக்கிற இடம்.

அத்தை பானையை இறக்கவே இல்லை. கிடாயையும் ஆசாரியையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தோம். பஸ்ஸில் மாரீஸ்வரி காதைப் பொத்திக்கொண்டே வந்தாள். வலிக்கும் என்று பயந்து காலையிலிருந்து பொத்தியிருந்தவள், குத்தவில்லை என்று தெரிந்த பிறகும் கையை எடுக்கவில்லை.

மறு வாரம் அவரிடம் போனேன். புதுப்பட்டியில் கேட்டு அவமானப்பட்டு வந்த கதையை முதல்முறையாகச் சீட்டு இல்லாமல் வாயால் சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்துவிட்டார். நான் கேள்வி எதுவும் கேட்கவில்லை அல்லவா.

அவரைப் பற்றி நல்லதாகவும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று பார்க்கிறேன். ஆனால் இன்னொன்றுதான் ஞாபகம் வருகிறது. அண்ணன் தம்பி மூன்று பேர் தங்கள் அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அக்காவுக்கு அறுபது வயது இருக்கும். அப்பா சொத்தில் தனக்குப் பங்கு வேண்டாம் என்று அந்த அம்மா எழுதிக் கொடுக்கும் பத்திரம் அது. அவர் வழக்கப்படி முதலிலிருந்து கடைசி வரை ஒரு வரி விடாமல் சத்தமாக வாசித்துக் காட்டினார். அந்த அம்மாவுக்குப் பத்திரத் தமிழ் எங்கே புரியும். வாசித்து முடித்ததும், "ஐயா, எம் பேரு அதுல இருக்குல்ல?" என்று கேட்டார். "இருக்கு" என்றார் அவர். அந்த அம்மா சந்தோஷமாகக் கைநாட்டு வைத்துவிட்டுப் போனார்.

அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. ஆனால் பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்ட நானும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதை வீட்டுக்கு வந்து அரிசி களையும்போதுதான் நினைத்தேன்.

நான்காவது வருடம் மாரீஸ்வரிக்கு ஒன்பது முடிந்திருந்தது. எனக்கு மொட்டை போட்டால் கிணற்றில் குதிப்பேன் என்று சொல்லிவிட்டாள். வீட்டுக்காரர் இரண்டு மாதத்தில் லீவில் வருவதாகக் கடுதாசி போட்டிருந்தார். இந்தத் தடவையும் இல்லையென்றால் நான் கண்ணை மூடிய பிறகு எங்கேயாவது குத்திக்கொள்ளுங்கள் என்று அத்தை சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். அந்த நிலைமையில் நான் ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். போன வாரம் கொடுத்த சீட்டு, "சங்கிலி அடமானம் வைத்த நிலம் உண்டா?" அவர் அதைத் திருப்பிக் கொடுத்தார். கீழே, "இல்லை."

எனக்கு எங்கிருந்து சத்தம் வந்தது என்று தெரியவில்லை. டைப் அடிக்கிற பெண் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப சங்கிலின்னு ஒரு ஆளு இந்த ஒலகத்துல இருந்ததே இல்லையா?" என்று கேட்டேன்.

"இருந்தாரு" என்றார் அவர்.

எங்கே என்று கேட்டேன்.

"எங்கப்பா எழுதின நோட்டுல. ஒரு தானப் பத்திரத்துக்குச் சாட்சி."

எப்போதிலிருந்து தெரியும் என்றேன். நான் முதல் தடவை வந்தபோதே பார்த்துவிட்டதாகச் சொன்னார். அப்படியானால் ஏன் சொல்லவில்லை என்று கேட்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அவரு பேருல பத்திரம் உண்டான்னு கேட்டிய. இல்ல. வாங்குனாரா, வித்தாரான்னு கேட்டிய. இல்ல. சாட்சி போட்டவருக்கு ஏதும்மா பத்திரம்?"

நான்கு வருடம். என் மகள் காதில் சிவப்புப் பேனாவால் பொட்டு வைத்துக்கொண்ட நான்கு வருடம். அந்தச் சாய்வு மேசையைத் தூக்கி ரோட்டில் எறிய வேண்டும் போல இருந்தது. எறியவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். நான் நாலு எட்டு நடந்த பிறகு அவர் பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"நோட்டு வீட்டுல இருக்கு. நாளைக்கு வாங்க. மாமியாரைக் கூட்டிட்டு வர வேண்டாம்."

நான் கேட்காமல் அவர் சொன்னது, எனக்குத் தெரிந்து, அந்த ஒரு வார்த்தைதான்.

மறுநாள் மடவார் வளாகத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் உள்ளே பெட்டியைத் திறந்து நோட்டைத் தேடிக்கொண்டிருந்தார். அவர் சம்சாரம் எனக்கு மோர் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த அம்மா அவருக்கு நேர் எதிர். ஒன்று கேட்டால் ஒன்பது சொல்வார். நீங்கள் நாலு வருடம்தான், நான் முப்பது வருடம் என்று ஆரம்பித்தார்.

"எங்கப்பா செத்தப்போ தந்தி இவியளுக்குத்தான் ஆபீஸ் வாசல்ல வந்திருக்கு. வீட்டுக்கு வந்தாரு. சாப்பிடுதியளான்னு கேட்டேன். வேண்டாம்னாரு. தலவலியான்னேன். இல்லன்னாரு. நான் பாட்டுக்கு மாவாட்டிட்டு இருக்கேன். செத்த நேரம் கழிச்சு, பொறவு ஏன் சாப்பிடலன்னு கேட்டேன் பாருங்க, அப்பதான் சொல்லுதாரு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் மோர் டம்ளரைக் கீழே வைத்தேன்.

அவர் நோட்டைக் கொண்டுவந்து விரித்தார். மரக்கோலை வரிக்குக் கீழே வைத்து எனக்குக் காட்டினார். பிளவக்கல் அணைக்குப் போகிற வழியில் உள்ள ஒரு சின்ன ஊரின் பேர் மேலே இருந்தது. கருத்தக்காளை மகள் பேச்சி எழுதிக் கொடுத்த தானப் பத்திரம். தன் தகப்பனார் தனக்குக் கொடுத்த புஞ்சையை, "எங்கள் குலதெய்வமாகிய சங்கிலிக் கருப்பன் கோயிலில் பொங்கல் வைக்கும் பொது உபயோகத்துக்கு" மனப்பூர்வமாகக் கொடுத்திருந்தார் அந்த அம்மா. கீழே மூன்று சாட்சிகள். முதல் இரண்டு பேருக்கும் அப்பா பேர் இருந்தது. மூன்றாவது சாட்சி: "மேற்படி பேச்சி மகன் சங்கிலி." அதற்கு அடுத்து, தற்போது இருப்பு என்று போட்டு, ராஜபாளையத்தில் நாங்கள் இன்றைக்கும் குடியிருக்கிற தெருவின் பேர்.

கோயில் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் எனக்கு முதலில் வேறு எதுவும் கண்ணில் படவில்லை. ஊர் பேரை எழுதிக்கொண்டேன். மாமனார் சொன்னது இப்போதுதான் விளங்கியது. அந்தக் காலத்தில் அந்த ஊருக்குப் பஸ் கிடையாது. புதுப்பட்டியில் இறங்கி வண்டித்தடத்தில் நடந்திருக்கிறார்கள். இறங்குகிற ஊரைப் போய்ச் சேருகிற ஊர் என்று நாங்கள் நினைத்துவிட்டோம்.

எழுதி முடித்த பிறகுதான் மறுபடியும் அந்த மூன்றாவது சாட்சியைப் பார்த்தேன்.

"சாட்சிக்கெல்லாம் அப்பா பேருதான எழுதுவாங்க?" என்று கேட்டேன்.

"ஆமா."

"இவருக்கு?"

"எழுதல."

"ஏன் ஐயா?"

அவர் மரக்கோலை எடுத்துவிட்டு நோட்டை மூடினார். "எழுதினது எங்கப்பா. அவர்கிட்ட நான் கேக்கல" என்றார்.

அப்போதுதான், மாமியாரைக் கூட்டி வர வேண்டாம் என்று அவர் சொன்னதற்கு அர்த்தம் புரிந்தது. நான்கு வருடமாக அவர் என்னிடம் சொல்லாமல் இருந்ததற்கும் அதுதான் காரணமா, அல்லது நான் சரியாகக் கேட்காததுதான் காரணமா என்று இன்றைக்கு வரை எனக்குத் தெரியவில்லை. இரண்டும் ஒன்றுதானோ என்னவோ.

வீட்டுக்குப் போனதும் அத்தை படுக்கையிலிருந்தே, "கோயில் கெடச்சுதா?" என்று கேட்டார். கெடச்சுது அத்தை என்றேன். நம்ம கோயில்தானா என்றார். பத்திரத்திலேயே எழுதியிருக்கிறது என்றேன். எழுந்து உட்கார்ந்து சோறு போடச் சொன்னார்.

வீட்டுக்காரர் லீவில் வந்த பத்தாம் நாள் அந்த ஊருக்குப் போனோம். மலை அடிவாரம். சின்னக் கோயில்தான். முன்னால் நல்ல விரிந்த இடம், அதில் ஏழெட்டு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பூசாரி வந்தார். நான் பயந்துகொண்டிருந்த அதே கேள்வியைக் கேட்டார்: "நீங்க எந்த வகையறா?"

வீட்டுக்காரர் வாயைத் திறப்பதற்கு முன்னால் நான் சொல்லிவிட்டேன். "பேச்சி வகையறா."

பெண்பிள்ளை பேரில் வகையறா சொல்லி அவர் கேட்டிருக்க மாட்டார். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு காலுக்குக் கீழே தரையைப் பார்த்தார்.

"பேச்சியா? அவிய குடுத்த எடத்துலதான நீங்க நிக்கிய. அவிய வம்சம் பட்டுப்போச்சுன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தோம்" என்றார். பிறகு அடுப்பு வைத்திருந்த பெண்களைப் பார்த்து, "ஏட்டி, தள்ளுங்க. நடுவுல எடம் விடுங்க" என்றார்.

மாரீஸ்வரிக்கு மொட்டை வேண்டாம், பூ முடி கொடுத்தால் போதும் என்று பூசாரியே சொல்லிவிட்டார். மூன்று கொத்து முடியை நறுக்கினார்கள். என் தம்பி மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டாள். ஒன்பது வயதுப் பிள்ளை மடியில் கொள்ளாமல் கால் இரண்டும் தரையில் கிடந்தன. கத்தவே இல்லை.

பொங்கல் பொங்கி வருகிற நேரம். அத்தை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சுள்ளியை ஒடித்து அடுப்பில் வைத்தார்.

"பேச்சிங்கிறது சங்கிலி தாத்தாவுக்கு அம்மாவா?"

"ஆமா அத்தை."

அடுத்த கேள்விக்காக நான் காத்திருந்தேன். என்ன பதில் சொல்வது என்று இரண்டு மாதமாக யோசித்து வைத்திருந்தேன். அத்தை என் முகத்தைப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார். பிறகு, "தீயக் கொற, அடி பிடிச்சிரும்" என்றார்.

அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சங்கிலியின் அப்பா பேரை மட்டும் அந்தக் குடும்பத்தில் நான்கு தலைமுறையாக யாரும் ஏன் கேட்கவில்லை என்று எனக்கு அன்றைக்குக் கொஞ்சம் விளங்கிய மாதிரி இருந்தது. அடுப்பு முன்னால் சுள்ளி ஒடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது நானும் அந்த எழுத்தர் மாதிரியே ஆகிவிட்டேன் என்றும் தோன்றியது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து மாரீஸ்வரியைக் கூட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். புதுத் தோட்டோடு அவளை அவர் முன்னால் நிறுத்தினேன். அவர் தலையைத் தூக்கி இரண்டு காதையும் பார்த்தார். நன்றாயிருக்கிறது என்று சொல்லவில்லை. நாங்கள் கேட்கவில்லையே.

என் கையில் ஒரு சீட்டு இருந்தது. பழக்கதோஷத்தில் பஸ்ஸிலேயே எழுதியது. அவர் "எழுதல" என்றுதான் சொன்னார், "தெரியாது" என்று சொல்லவில்லை. அது நோட்டைப் பார்த்த நாளிலிருந்து என்னை அரித்துக்கொண்டிருந்தது. இந்த மனிதர் தெரிந்ததைத் தெரியாது என்று சொல்ல மாட்டார். கேட்டால் சொல்லிவிடுவார்.

அவர் சீட்டைப் பார்த்துவிட்டார். எப்போதும் போலக் கையை நீட்டினார்.

நான் கொடுக்கவில்லை. நீட்டிய கையை அவர் வழக்கத்தைவிட அதிக நேரம் அப்படியே வைத்திருந்தார். "ஒண்ணுமில்ல ஐயா" என்று சொல்லிவிட்டுப் பிள்ளையை இழுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

பிறகு அவரை நான் பார்க்கவில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் இறந்துபோனார் என்று கேள்விப்பட்டேன். பெட்டிகள் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கின்றனவாம். இப்போது எங்கள் தெருவில் யாருக்காவது குலசாமி தெரியவில்லை என்றால் என்னிடம் அனுப்பிவைக்கிறார்கள். வெட்கப்பட்டுக்கொண்டே எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். சொத்து இருந்தவரை மட்டும் தேடாதீர்கள், சாட்சி போட்டவரைத் தேடுங்கள். எந்த ஊரில் இறங்கினார்கள் என்று கேட்டதும் அங்கிருந்து எங்கே நடந்தார்கள் என்று கேளுங்கள். பொம்பிளைகள் பேரைக் கேளுங்கள். ஒரே கேள்வியைப் பத்து விதமாகக் கேளுங்கள். எந்தக் கேள்வியோடு நிறுத்திக்கொள்வது என்பதையும் சொல்லலாம்தான். அதை யாரும் கேட்பதில்லை.

பவுடர் டப்பாவில் அந்தச் சீட்டுகளெல்லாம் அப்படியே இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் மேலே என் கோணல் எழுத்து, கீழே அவருடைய அச்சு எழுத்து. கடைசிச் சீட்டில் மட்டும் மேல் பாதி என் கேள்வி இருக்கிறது. கீழ்ப் பாதி வெறும் தாள்.